மேற்கோள் குறிப்பில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

காட்பாடியில் தட்டச்சும் பைண்டிங்குமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். மார்ச் பிறந்தால் இளங்கலை ப்ராஜெக்ட், அது முடிந்தால் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடு மட்டும் வருடம் முழுக்க. குடியாத்தம், ஆம்பூர், அரக்கோணம் பக்கமிருந்து பென் டிரைவோடு ரயிலில் வந்து இறங்கும் பிள்ளைகள் ஒரே மாதிரிப் புகார்களைத்தான் கொண்டுவருகிறார்கள். ஆள்தான் மாறும். அவர்கள் கடைவாசலில் நின்று சொல்லும் வாக்கையே இங்கே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் தீரும் காரணம் முதலில், நாள் கணக்கில் இழுக்கும் காரணம் கடைசியில்.

எதையும் தொடுவதற்கு முன்னால், துறையில் எந்த மேற்கோள் நடை (மூலங்களைக் காட்டும் முறை) கேட்கிறார்கள் என்ற தாள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத் துறைக்குப் பெரும்பாலும் எம்எல்ஏ (சட்டமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). உளவியல், கல்வியியல், சமூகப் பணி என்றால் ஏபிஏ. பொறியியலுக்கு ஐஇஇஇ, மருத்துவத்துக்கு வான்கூவர். தமிழ்த் துறையில் அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும். பதிப்பு எண்ணையும் கேட்டு வையுங்கள். ஏபிஏ இப்போது 7ஆம் பதிப்பு, எம்எல்ஏ 9ஆம் பதிப்பு. சீனியர் கொடுத்த மாதிரி ஏபிஏ 6ஆம் பதிப்பில் இருந்தால் அதில் வெளியீட்டு ஊர் இருக்கும். 7இல் ஊர் கிடையாது. பாதிப் பட்டியலில் ஊரோடும் மீதியில் ஊர் இல்லாமலும் வந்து நிற்கும் ஆய்வேடுகளுக்குக் காரணம் அந்தப் பழைய மாதிரிதான்.

"உள்ளே பெயர் இருக்கு, பட்டியல்ல இல்லை"

அதிகம் வரும் புகார் இதுதான். திரையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலை மட்டும் அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் கண்ட்ரோல்–எஃப் அழுத்தித் திறப்பு அடைப்புக்குறியைத் தேடச் சொல்லுங்கள். அடைப்புக்குள் பெயர் வரும்போதெல்லாம் தாளில் அந்த வரிக்கு நேராக ஒரு டிக். "இன்னார் (2016) கூறுவதுபோல்" என்று பெயர் வெளியே நின்றாலும் ஆண்டு அடைப்புக்குள் இருக்கும் என்பதால் அதுவும் மாட்டிவிடும். எம்எல்ஏ என்றால் ஆண்டு இருக்காது, பக்க எண்தான்; அதற்கும் இதே வேலைதான். கூட ஒரு நண்பர் உட்கார்ந்து படித்துச் சொன்னால் வேகமாக முடியும்.

முடிவில் டிக் விழாத வரிகள் சில, தாளில் இடமே இல்லாத பெயர்கள் சில என்று இரண்டு வகை மிஞ்சும்.

டிக் விழாத வரி என்றால், அந்த நூல் இருந்த பத்தியை எப்போதோ வெட்டியிருப்பீர்கள். ஏபிஏ, எம்எல்ஏ பட்டியலில் உள்ளே காட்டிய நூல்கள் மட்டுமே இருக்க வேண்டும், அதனால் வரியை எடுத்துவிடுங்கள். தமிழ்த் துறைத் துணைநூற்பட்டியலில் படித்த நூல்களையும் சேர்ப்பது உண்டு. அங்கே நெறியாளரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

பட்டியலில் இல்லாத பெயர் என்றால் முதலில் எழுத்தைப் பாருங்கள். உள்ளே சுப்பிரமணியன், பட்டியலில் சுப்ரமணியம். உள்ளே 2014, பட்டியலில் 2015. பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும். எது சரி என்று ஊகிக்க வேண்டாம், புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எழுத்து சரி என்றால் அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்தீர்களா? வேறொருவர் தன் நூலில் எடுத்துக்காட்டியிருந்ததை நீங்கள் அப்படியே தூக்கி வந்திருந்தால், பட்டியலில் வர வேண்டியது உங்கள் கையிலிருந்த நூல். உள்ளே மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது என்று காட்டுங்கள். இது ஒன்றும் அவமானம் இல்லை. படிக்காத நூலைப் படித்ததாகப் பட்டியலில் போட்டு, வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றிக் கேட்கும்போது விழிப்பதுதான் அவமானம்.

எங்கிருந்து எடுத்தோம் என்றே தெரியவில்லை என்றால் அந்தக் கருத்தை எடுத்துவிடுங்கள், அல்லது மூலம் கிடைக்கும் வரை தேடுங்கள். இதை எந்தக் கடைக்காரரும் சரிசெய்து தர முடியாது. படித்தவர் நீங்கள்.

"அடைப்புக்குள்ள கே, 2019னு வருது அண்ணா"

பெயரே காணோம், இனிஷியல் மட்டும் நிற்கிறது. கே. ரமேஷ் என்பவரின் கட்டுரை அவர் அனுப்பிய இதழில் "ரமேஷ் கே" என்று அச்சாகியிருக்கும். ஜோட்டெரோ, மென்டலி போன்ற மேற்கோள் தொகுக்கும் மென்பொருள்கள் கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? அது அப்பா பெயரின் முதலெழுத்து என்று மென்பொருளுக்கு யார் சொல்வது.

மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து, குடும்பப் பெயர்க் கட்டத்தில் ரமேஷ், முன்பெயர்க் கட்டத்தில் கே. என்று மாற்றினால் போதும். ஆய்வேட்டில் கையால் திருத்தாதீர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழையபடி 'கே' வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்ப் பெயரைப் பிரிக்கவே கூடாது என்றால் ஜோட்டெரோவில் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கும் பொத்தான் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கூகுள் ஸ்காலரின் மேற்கோள் பொத்தானில் நகலெடுத்தவர்களுக்கு இந்தக் கோளாறு கூடுதலாகவே வரும். அங்கே பக்க எண் விடுபடும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். அதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஒரே ஆசிரியர் ஒரு கட்டுரையில் 'ரமேஷ், கே.', இன்னொன்றில் 'ரமேஷ் குமார்' என்று இருந்தால்? ஒரே ஆள்தானா என்பதைக் கட்டுரையில் உள்ள பணியிடத்தை வைத்துப் பாருங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் இருவராகவே விட்டுவிடுங்கள்.

"மேலது எல்லாம் தப்பா நிக்குது"

முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதற்குத்தான் 'மேலது' என்று போடுவோம். தமிழ், வரலாறு ஆய்வேடுகளுக்கே உரிய வியாதி. ஒருமுறை என் கண்ணெதிரில் நடந்தது இது. அடிக்குறிப்பு 12இல் பாலாற்றுப் பாசனம் பற்றிய ஒரு நூல், ப. 41. அடிக்குறிப்பு 13, மேலது, ப. 44. எல்லாம் சரி. நெறியாளர் சொன்னார் என்று அந்தத் தம்பி நடுவில் ஒரு நாளிதழ்ச் செய்தியைச் சேர்த்தார். செய்தி 13 ஆனது, பழைய 13 தானாக 14 ஆனது. இப்போது 'மேலது, ப. 44' என்பது நாளிதழின் 44ஆம் பக்கம்! தினமும் பேப்பர் படிக்கிற எந்தத் தேர்வாளரும் இதை விடமாட்டார்.

புதிதாகச் சேர்த்த அடிக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் அடுத்ததைப் படித்துப் பாருங்கள். அது மேலது என்றால் நூல் பெயரை எழுதுங்கள். ஐந்தாறு இடம்தான் என்றால் கால் மணி வேலை.

எங்கெங்கே சேர்த்தோம் என்று நினைவில்லை என்றால், எல்லா மேலதையும் எடுத்துவிட்டு ஆசிரியர் பெயரும் குறுந்தலைப்புமாக மாற்றிவிடுவது நல்லது. ஒரு மாலைப்பொழுது போகும், ஆனால் அதற்குப் பின் எத்தனை அடிக்குறிப்பு சேர்த்தாலும் குழம்பாது. சிகாகோ என்ற மேற்கோள் நடையே 17ஆம் பதிப்பிலிருந்து மேலது என்பதைவிடக் குறுந்தலைப்பைத்தான் விரும்புகிறது. துறையில் மேலதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எல்லாத் திருத்தமும் முடிந்தபின் கடைசி நாளில் போடுங்கள்.

மேலது எந்த நூலைக் குறித்தது என்பதே தெரியவில்லை என்றால் பழைய வரைவுக் கோப்பைத் தேடுங்கள். மின்னஞ்சலில் நெறியாளருக்கு அனுப்பியது ஒன்று கட்டாயம் இருக்கும்.

"எந்த வருஷத்தைப் போடுறது?"

வட ஆர்க்காடு பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இங்கே வந்து முட்டுவார்கள். ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு 1881இல் வந்தது. பிறகு ஹெரால்ட் ஸ்டூவர்ட் அதைத் திருத்தி இரண்டு தொகுதியாக்கினார். உள்ளே 'காக்ஸ், 1881' என்று எழுதிவிட்டுப் பக்க எண்ணை ஸ்டூவர்ட் பதிப்பிலிருந்து போட்டால் தேடிப் போகிறவர் எதையும் காணமாட்டார்.

கையில் இருந்த பிரதியின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். பதிப்பு மாறியிருந்தால் அந்தப் பதிப்பின் ஆண்டு. வெறும் மறு அச்சு என்றால் ஏபிஏவில் இரண்டு ஆண்டையும் சாய்கோடு போட்டு எழுதலாம், மூல ஆண்டு முதலில். இணையத்தில் இறக்கிய பிடிஎஃப் என்றால், ஏற்றிய தேதி வெளியீட்டு ஆண்டு ஆகாது. பிடிஎஃப் காட்டும் பக்க எண்ணும் அச்சில் உள்ள பக்க எண்ணும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள், எழுத வேண்டியது அச்சில் உள்ளது.

இதே அறிகுறியில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கும். ஆண்டு சரியாக இருக்கும், மாவட்டத்தின் எல்லை மாறியிருக்கும். 1911 வரை சித்தூரும் வட ஆர்க்காட்டுக்குள்தான். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டம் 39,36,331 பேர் என்பது இன்றைய மூன்று மாவட்டங்களையும் சேர்த்த கணக்கு. அதை இன்றைய வேலூருக்கு எழுதினால் மேற்கோள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் செய்தி தப்பு. '2019 பிரிவினைக்கு முந்தைய எல்லைப்படி' என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். வட்ட வாரியாகப் பிரித்து இன்றைய எல்லைக்குக் கணக்கிட வேண்டும் என்றால் அது நெறியாளரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

"சதவீதம் எகிறிடுச்சு"

ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையைக் கையில் பிடித்தபடி வருவார்கள், முகத்தில் ஈயாடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை இப்படிப் போகிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திச் சமர்ப்பிக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. உங்கள் பல்கலைக்கழகம் இதைவிடக் கறாராகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத்தைத் தொடாதீர்கள். அறிக்கையின் தலையில் உள்ள மொத்த எண்ணை விட்டுவிட்டு, எந்த மூலத்திலிருந்து எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். அதே விதிமுறை எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. மூலம் காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டங்கள், சமன்பாடுகள், தற்செயலாக ஒத்துப்போகும் 14 தொடர்சொற்கள் வரை. இவற்றை விலக்கும் தேர்வுகளைப் போடாமலே ஓட்டியிருக்கலாம். நூலகத்தில் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

அப்படியும் குறையவில்லையா? மேற்கோள்குறிகளைப் பாருங்கள். தமிழில் நாம் ஒற்றை மேற்கோள்குறி போடுவது வழக்கம், பல மென்பொருள்கள் இரட்டைக் குறியைத்தான் மேற்கோள் என்று அடையாளம் காணும். ஒரு இடத்தில் திறந்த குறியை மூடாமல் விட்டிருந்தாலும் சிக்கல். துணைநூற்பட்டியலின் தலைப்பு தமிழில் இருந்தால் அது பட்டியல் என்பதே சில நேரம் அதற்குப் புரிவதில்லை. அந்தப் பக்கங்களைக் கையால் விலக்கச் சொல்லுங்கள்.

மிஞ்சியது உங்கள் சொந்தக் கட்டுரையோடு ஒத்துப்போகிறது என்றால் நெறியாளரிடமும் நூலகரிடமும் அதைச் சொல்லுங்கள். விலக்குவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

இதெல்லாம் கழித்தும் நிற்கிறது என்றால் கோளாறு எழுத்தில்தான். நான் அடிக்கடி பார்ப்பது இந்த மாதிரி. மூலத்தில், "தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரின் தரத்தைப் பெரிதும் பாதித்துள்ளது." மாணவர் எழுதியது, "தோல் பதப்படுத்தும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரின் தன்மையை மிகவும் பாதித்திருக்கிறது." சட்டையை மாற்றியிருக்கிறார், ஆள் அதே ஆள். கீழே மூலம் காட்டினாலும் இது உங்கள் எழுத்து ஆகாது. புத்தகத்தை மூடி வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "இந்த ஆள் என்ன சொல்றார்னா..." என்று வாயால் சொல்லுங்கள். சொன்னதை எழுதி, மூலத்தைக் காட்டுங்கள். நான் ஒருமுறை இப்படிச் சொல்லச் சொன்னபோது அந்த வாணியம்பாடிப் பெண், "எங்க பாட்டி வீட்டுக் கிணத்துல குடிக்கத் தண்ணி எடுக்கிறதை நிறுத்திட்டாங்க அண்ணா, அதைத்தான் இவரும் நம்பர் போட்டுச் சொல்றாரு" என்றார். அதை அப்படியே எழுத்துநடைக்கு மாற்றி வைத்தோம். எந்த மென்பொருளுக்கும் அது அகப்படவில்லை.

காசு கொடுத்தால் சதவீதம் குறைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஒரே மாதிரித் தோன்றும் வேற்றுமொழி எழுத்தை நடுவில் செருகுவது, வெள்ளை நிறத்தில் எழுத்தை ஒளித்து வைப்பது, இவைதான் அந்த வித்தை. இப்போதைய மென்பொருள்கள் அதையும் தனியாகச் சுட்டிக்காட்டிவிடும். கவனக்குறைவு என்று சொல்லித் தப்பியிருக்கலாம், இதற்குப்பின் அந்த வாய்ப்பும் போய்விடும். என் கடையில் இதைச் செய்வதில்லை.

"லிங்க் திறக்கவே இல்லை"

கட்டுரைகளுக்கு டிஓஐ என்று ஓர் எண் இருக்கும், 10இல் தொடங்கும். திறக்கவில்லை என்றால் கடைசியில் ஒட்டிக்கொண்ட முற்றுப்புள்ளியை எடுங்கள். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தபோது வரி உடைந்த இடத்தில் ஓர் இடைவெளி நுழைந்திருக்கும், அதையும் எடுங்கள். சுழியமும் ஆங்கில 'ஓ' எழுத்தும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள்.

திறக்கவில்லையா? கட்டுரைத் தலைப்பை முழுதாக, டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் தேடுங்கள். சரியான எண் கிடைத்துவிடும்.

அங்கும் இல்லை என்றால் இதழின் தளத்துக்கே போய், அந்தத் தொகுதி, அந்த இதழ், அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதழ் உண்மை. தொகுதி உண்மை. பக்கத்தில் வேறு யாருடைய கட்டுரையோ இருக்கிறது. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் நான் ஒரே கேள்விதான் கேட்பேன், "ஏஐகிட்ட கேட்டியாப்பா?" தலை குனியும். அந்த உரையாடல் மென்பொருள்கள் இல்லாத கட்டுரைக்கும் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் அழகாக அமைத்துக் கொடுத்துவிடும். நிறுத்தக்குறிகூடத் தவறாது, அதனால்தான் கண்ணை ஏமாற்றுகிறது.

அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு அதே மாதிரி ஒரு நிஜக் கட்டுரையைப் பொருத்தாதீர்கள். அந்த நிஜக் கட்டுரை நீங்கள் எழுதிய கருத்தைச் சொல்லாமல் இருக்கலாம். மேற்கோளோடு தொங்கும் வாக்கியத்தையும் எடுங்கள். ஒரு போலி அகப்பட்டால் பட்டியல் முழுவதையும் ஒன்றொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. மூன்று நான்குக்கு மேல் போலி என்றால் கடைக்கு வர வேண்டாம். நேராக நெறியாளரிடம் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். தேர்வாளர் சொல்லி அவருக்குத் தெரிவது வேறு கதை.

"வேற கம்ப்யூட்டர்ல எழுத்து உடையுது"

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யுனிகோடுக்கு மாற்றி ஓட்டினால் சரியாகிவிடும். பட்டியலில் ஆங்கில நூல்களும் கலந்திருந்தால் தமிழ் வரிகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலம் விநோதத் தமிழாகிவிடும். கொம்பு, துணைக்கால் இடம் மாறியிருக்கிறதா என்று பெயர்களை மட்டும் ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

இதன் உடன்பிறப்பு அகரவரிசைக் கோளாறு. யுனிகோடு அடுக்கில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து நிற்கிறது, நம் நெடுங்கணக்கில் கடைசி. அதனால் கணினி சில நேரம் கனகராஜைக் கமலாவுக்கு முன்னால் வைக்கும். கமலாதான் முதலில் வர வேண்டும். கையால் நகர்த்துங்கள்.

"குறள் எண் தப்புன்னு சுழிச்சிட்டாங்க"

'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்று முடியும் குறள் இரண்டு. 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்றால் 355, 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்றால் 423. நினைவிலிருந்து எழுதியவர்கள் எண்ணை மாற்றிவிடுவார்கள். பழைய இலக்கியங்களுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும் போதும். உரையிலிருந்து ஒரு வரி எடுத்தால் மட்டும் எந்த உரை, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பது வேண்டும்.

தீர்ப்புகளிலும் இதே மாதிரி ஓர் எண் குழப்பம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் என்ற தோல் கழிவுநீர் வழக்கை நம் பக்கத்து ஆய்வேடுகளில் பாதி தொட்டுவிடும். '(1996) 5 எஸ்சிசி 647' என்பதில் எஸ்சிசி என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு, 5 தொகுதி, 647 பக்கம். 5ஆம் பக்கம் என்று எழுதி வந்தவர்கள் உண்டு.

"நாளைக்குக் காலையில சப்மிஷன் அண்ணா"

சரி, உட்காருங்கள். காற்புள்ளி, சாய்வெழுத்து எதையும் இன்று தொட வேண்டாம். முதலில் டிஓஐ எல்லாவற்றையும் திறந்து போலி இருக்கிறதா என்று பார்ப்போம். அடுத்து, நேர் மேற்கோள் எல்லாவற்றுக்கும் குறியும் பக்க எண்ணும் இருக்கிறதா. அப்புறம் மேலே சொன்ன டிக் வேலை. நேரம் மிஞ்சினால் பெயர்களின் எழுத்து. அதுவும் மிஞ்சினால் காற்புள்ளி. மென்பொருளில் போட்ட மேற்கோள் என்றால், பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் ஒருமுறை புதுப்பித்துவிட்டு, ஐஇஇஇ, வான்கூவர் போன்ற எண் நடையில் 1, 2, 3 வரிசை குலையவில்லை என்று பாருங்கள்.

முதலில் ஒரு சாஃப்ட் பைண்டிங் பிரதி மட்டும் எடுத்து நெறியாளரிடம் காட்டுங்கள். ரெக்ஸின் அட்டை ஒட்டித் தங்க எழுத்து அடித்தபின் ஒரு பக்கம் மாற்ற வேண்டும் என்றால் தையலைப் பிரிக்க வேண்டும், அட்டை போய்விடும், ஐந்து பிரதிக்கும் மறுபடி முதலிலிருந்து காசு.